கல்லில் அடிபட்ட டிஸ்க் ப்ளேட்: ஏற்காடு மண் ரோட்டில் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் மாதிரி பைக்குகளை வைத்துக்கொண்டு சேலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மலையேறுகிறவர்கள் இப்போது நிறைய. கூடவே டிஸ்க் ப்ளேட் (வீலோடு சுற்றும், பிரேக் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடு) அடிபட்ட கதைகளும் நிறைய. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே போட்டுப் பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

படிக்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் எந்த மூலையில் டிஸ்க் அடிபட்டாலும், அதற்குப் பிறகு நீங்கள் மலை இறங்கியாக வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு ஊர் 1500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பைக்கை ஓட்டிக்கொண்டு இறங்கலாமா, வேறு வண்டியில் ஏற்றி இறக்கலாமா என்பதை மேலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

டிஸ்க் பெண்ட் ஆயிருக்கான்னு வீட்லயே எப்படிங்க பாக்கறது?

சென்டர் ஸ்டாண்டோ, அடியில் கட்டையோ வைத்து அந்த வீலைத் தரையை விட்டுத் தூக்குங்கள். முதலில் டயரின் மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் போயிருக்கிறது, டிஸ்க்கை அப்புறம் பார்க்கலாம். ஆட்டம் இல்லையென்றால் ஒரு கேபிள் டையை முன் ஃபோர்க்கிலோ பின் ஸ்விங் ஆர்மிலோ (பின் வீலைத் தாங்கும் கை) இறுக்கிக் கட்டி, வால் நுனியை டிஸ்க்கை உரசும் உரசாத அளவுக்கு வெட்டி விடுங்கள். இப்போது வீலை மெதுவாகக் கையால் சுற்றினால் டிஸ்க் நுனியிடம் வருவதும் விலகுவதும் கண்ணுக்கே தெரியும்.

அளவு வேண்டும் என்றால் சாதாரண ஏ4 தாள் போதும். ஒரு தாள் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் கனம். டிஸ்க் மிக நெருங்கி வரும் இடத்தில் நுனி தொட்டபடி இருக்கட்டும், மிக விலகும் இடத்தில் எத்தனை தாள் சேர்த்து நுழைகிறது என்று பாருங்கள். மூன்று தாள் என்றால் 0.3 மில்லிமீட்டர் கோணல். பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதும் இதே வேலைதான், இன்னும் துல்லியமாக.

பிரேக் புடிச்சா லீவர் கைல துடிக்குது. அப்ப பெண்ட் தானே?

பெரும்பாலும் இல்லை. இதைத்தான் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொண்டு நல்ல டிஸ்க்கைக் கழற்றிப் போடுகிறார்கள். இந்த வண்டிகளில் இருக்கும் காலிப்பர் (டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பாகம்) இரண்டு பின்களின், அதாவது சின்னக் கம்பிகளின், மேல் பக்கவாட்டில் நகரும் வகை. டிஸ்க் லேசாக ஆடினால் காலிப்பரும் கூடவே ஆடிக்கொடுத்துவிடும், கைக்கு அவ்வளவாகத் தெரியாது. லீவர் துடிக்கிறது என்றால் டிஸ்க்கின் கனம் இடத்துக்கு இடம் மாறுகிறது, அல்லது பேட் (காலிப்பருக்குள் இருந்து டிஸ்க்கை உரசும் கட்டை) கரைந்து ஒரு இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டியிருக்கிறது, அல்லது அந்தப் பின்கள் சேறு ஏறி இறுகிப்போய் காலிப்பர் நகர மறுக்கிறது. கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) லூஸாக இருந்தாலும் முன் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டிலில் ஒரு தட்டல் வரும்.

பேட் திட்டு எப்படி வருகிறது என்றால், மலையை முழுக்க பிரேக் பிடித்தபடியே இறங்கி, அடிவாரத்தில் செக்போஸ்ட் வந்ததும் லீவரை இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறோம் இல்லையா, அப்போது கொதிக்கிற டிஸ்க்கில் பேட் இருந்த இடம் மட்டும் அச்சு மாதிரி பதிந்துவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பேட் அளவுக்கு ஒரு கருத்த நிழல் தெரியும். 120 நம்பர் உப்புத்தாளால் டிஸ்க் முழுக்க ஒரே சீராகத் தேய்த்து, பேட் முகத்தையும் லேசாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் துடித்தால்தான் டிஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டும்.

அப்ப நிஜமாவே பெண்ட் ஆனா என்ன தெரியும்?

வீலைச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, அதே இடத்தில், "கிர்ர்" என்று உரசும். இன்னொரு அடையாளம் இதைவிட முக்கியம்: கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு லீவரை முதல் தடவை பிடித்தால் உள்ளே நிறைய போகும், உடனே இரண்டாவது தடவை பிடித்தால் சரியாக இருக்கும். கோணலான டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் பேடைத் தட்டித் தட்டி, அதை அழுத்தும் பிஸ்டனைப் பின்னால் தள்ளிவிடுவதால் வருவது இது. ஆயில் கசிவு எதுவும் இல்லாமல் இப்படி நடந்தால் டிஸ்க்கையும் வீல் பேரிங்கையும் பாருங்கள். அவசரத்தில் பிடிக்கும் பிடி எப்போதுமே முதல் பிடிதான். அதனால் இந்த அறிகுறியை "பரவாயில்லை, ரெண்டு தடவை அமுக்கிக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள்.

எவ்ளோ கோணல் வரைக்கும் ஓட்டலாங்க?

பெரும்பாலான கம்பெனி மேனுவல்கள் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி என்கின்றன. உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே கணக்கு. முன் டிஸ்க்கில் அந்த அளவைத் தாண்டினால் நான் விட்டுவைக்க மாட்டேன். பின் டிஸ்க்கில் லேசாகத் தாண்டி, வீல் தடையில்லாமல் சுற்றி, ஸ்பேர் வரக் காத்திருக்கிறீர்கள் என்றால் சேலம் டவுனுக்குள் மெதுவாக ஓட்டலாம், மலைக்கு வேண்டாம்.

மேல எஸ்டேட் பக்கம் போறப்ப கல்லு அடிச்சு பின் வீல் சுத்தவே மாட்டேங்குது. அங்கயே என்ன பண்றது?

வண்டியை நிமிர்த்தி நிழலான சமதளத்துக்கு நகர்த்துங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், ஏறி வந்த சூட்டில் தோல் உரிந்துவிடும். ஆறியதும் முதலில் பார்க்க வேண்டியது காலிப்பருக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் கல்லோ குச்சியோ சிக்கியிருக்கிறதா என்று. ஏற்காட்டில் காபித் தோட்டத்து ஓரங்களில் உண்ணிச்செடி புதர் மண்டிக் கிடக்கும், அதன் காய்ந்த தண்டு ஆணி மாதிரி காலிப்பருக்குள் குத்தி நின்றுவிடும். அதைப் பிடுங்கியதும் வீல் சுற்றினால் பிரச்சினை அதோடு முடிந்தது. அடுத்தது காலிப்பர் உட்கார்ந்திருக்கும் பிராக்கெட், கல் பட்டு அது கோணியிருக்கலாம்.

இரண்டும் சரியாக இருந்தால் டிஸ்க்தான். காலிப்பர் போல்ட்டைக் கழற்றி, ஹோஸ் முறுகாமல் காலிப்பரை ஸ்விங் ஆர்மோடு கட்டி வையுங்கள். பேடுகளுக்கு நடுவில் ஒரு மரத்துண்டோ மடித்த அட்டையோ செருகிவிடுங்கள், டிஸ்க் இல்லாமல் யாராவது தெரியாமல் பிரேக்கை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து ஆயில் கொட்டிவிடும், மலை மேல் அதற்கு மருந்து கிடையாது. இனி முதல் பதிலில் சொன்ன கேபிள் டை முறையில் எந்த இடம் அதிகம் கோணியிருக்கிறது என்று கண்டுபிடித்துக் குறி போடுங்கள். ஸ்க்ரூ ஸ்பேனரின் வாயை டிஸ்க் கனத்துக்கு அளவாகக் குறுக்கி, நடுவில் துணி வைத்து, அந்த இடத்தில் பேட் உரசும் அகலம் முழுவதையும் பிடிக்கிற மாதிரி மாட்டி, எதிர்ப்பக்கம் மெதுவாக இழுங்கள். பூவிதழ் மாதிரி வெட்டிய டிஸ்க் என்றால் இதழ் நுனியை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள், நுனி மட்டும் தனியாக மடங்கும். கொஞ்சம் இழுங்கள், சுற்றிப் பாருங்கள், மறுபடி கொஞ்சம் இழுங்கள். ஒரே இழுப்பில் நேராக்கப் பார்த்தால் எதிர்ப்பக்கம் கோணிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம். சுத்தியலால் அடிக்கவே வேண்டாம், அடி நேராக ஹப் (டிஸ்க் மாட்டியிருக்கும் வீலின் நடுப்பாகம்) மேல் இறங்கும்.

காலிப்பரைத் திரும்ப மாட்டினால் உரசல் இருந்தாலும் வீல் சுற்றுகிறது என்ற நிலைக்கு வந்தால் போதும். இது ஏற்காடு ஊர் வரை உருட்டிக்கொண்டு வருவதற்கான வேலை, ரிப்பேர் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

முன் டிஸ்க்குக்கும் இதே மாதிரி பண்ணலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. மண் ரோட்டிலிருந்து தார் ரோடு வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதற்காக உரசலைக் குறைக்க என்றால் சரி, அதோடு நிறுத்திக்கொள். இறக்கத்தில் வண்டியின் பாரம் மொத்தமும் முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அது பாதியில் பூட்டிக்கொண்டாலும் ஆபத்து, பிடிக்காமல் போனாலும் ஆபத்து. காலிப்பரைக் கழற்றிக் கட்டிவிட்டுப் பின் பிரேக்கை நம்பி மலை இறங்குவது அதைவிட மோசம்.

பின் பிரேக் இல்லாட்டி என்ன, ஃபர்ஸ்ட் கியர்ல இன்ஜின் பிரேக்லயே இறங்கிடலாம்ல?

கிட்டத்தட்ட எல்லோருமே கேட்கும் கேள்வி இது, பாதிப் பேர் என் பதிலைக் கேட்டுவிட்டு எப்படியும் இறங்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்தாலும் சொல்கிறேன்: இறங்காதீர்கள். 1200 மீட்டருக்கு மேல் உயரத்தை இழந்து கீழே வரும்போது அந்த வேகம் எங்கேயாவது சூடாக மாறித்தான் ஆக வேண்டும். இன்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மிச்சம் முழுவதும் முன் டிஸ்க் ஒன்றின் மேலேயே விழும். எக்ஸ்பல்ஸில் முன் டிஸ்க் 276 மில்லிமீட்டர், பழைய ஹிமாலயன் 411-இல் 300. இரண்டுமே நல்ல பிரேக்தான், ஆனால் பின் பிரேக்கும் துணைக்கு இருக்கும் என்ற கணக்கில் செய்தவை. அதோடு ஒரு கொண்டை ஊசியில் திரும்பும்போது எதிரே அரசு பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு ஏறி வந்தால், சாய்ந்த வண்டியில் முன் பிரேக்கை மட்டும் பிடித்து நிற்க வேண்டியிருக்கும். அங்கே சரளைக்கல் இருந்தால் வண்டி கீழேதான் கிடக்கும்.

மலை இறங்கும் இன்னொரு ரோடான குப்பனூர் வழியாக இறங்கலாமா என்றும் கேட்பார்கள். கூட்டம் குறைவு என்பதைத் தவிர அதில் லாபமில்லை, இறக்கம் கடுமையானது, ஏதாவது ஆனால் உதவிக்கு ஆள் வரவும் நேரமாகும்.

ஏற்காட்டிலேயே குட்டி யானை பிடித்து வண்டியைக் கீழே இறக்குங்கள். காய்கறி, காபி மூட்டை ஏற்றி வந்து காலியாகத் திரும்பும் வண்டி கிடைத்தால் வாடகையும் குறையும். கயிறு கட்டும்போது ஹேண்டில்பாரையும் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டையும் கட்டுங்கள். டிஸ்க்குக்குள் கயிறு விட்டு இழுத்துக் கட்டி, இருந்த கோணலை இரண்டு மடங்காக்கி இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நியூட்ரல்ல வண்டிய ஆஃப் பண்ணி இறக்குனா பெட்ரோல் மிச்சம்னு எல்லாரும் பண்றாங்களே, டிஸ்க்குக்கு ஒன்னும் ஆகாதுல?

ஆகும். மேலே சொன்ன சூட்டுக் கணக்கில் இன்ஜினின் பங்கை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள், மொத்தமும் டிஸ்க்குக்குப் போகிறது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து லேசாகத் தடவிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுசாக விடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும்.

எறங்கும்போது பாதி வழியில பிரேக்கே புடிக்கல, கீழ வந்ததும் சரியாயிருச்சு. டிஸ்க் பிரச்சினையா?

லீவர் எப்படி இருந்தது என்பதை ஞாபகப்படுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகி வழுக்கியிருக்கிறது. லீவர் பஞ்சு மாதிரி ஆகி ஹேண்டில் வரை போயிருந்தால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வந்திருக்கிறது. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும், ஈரம் உறிஞ்சிய பிறகு அந்தத் தர அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். இந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது, அதனால்தான் ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டிக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மலை ஓட்டுகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ மட்டும் இதில் ஊற்றிவிடாதீர்கள், இரண்டும் கலக்காது.

லேத் பட்டறையில பெண்டு எடுத்துத் தர்றேன்னு சொல்றாங்க. எடுக்கலாமா, புதுசே வாங்கணுமா?

சேலத்தில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, நல்ல கைகாரர்களும் இருக்கிறார்கள். ஆனால் டிஸ்க் நேராக்குவது லேத் வேலை இல்லை. சமதளத்தில் வைத்து, டயல் கேஜ் மாட்டி, கை பிரஸ்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி எடுக்க வேண்டிய வேலை. டயல் கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். "கண் பார்வையிலேயே எடுத்துருவேன்" என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

என் கணக்கு இது: பின் டிஸ்க், ஒரு மில்லிமீட்டருக்குள் கோணல், விரிசல் இல்லை, கனம் பாக்கி இருக்கிறது என்றால் எடுத்துப் பார்க்கலாம். ஒரே இடத்தில் கூர்மையாக மடங்கியிருந்தால், உள் வளையம் வரை கோணல் போயிருந்தால், அல்லது முன் டிஸ்க்காக இருந்தால், புதிது. ஒரு தடவை நேராக்கிய டிஸ்க் நன்றாகச் சூடேறும்போது பழைய கோணலுக்குத் திரும்பும் வாய்ப்பு உண்டு, அதனால் நேராக்கிய பிறகு கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி தாள் வைத்துப் பாருங்கள்.

கேஸ் டார்ச்ல சூடு பண்ணித் தட்டுனா ஈசியா நேராயிரும்ங்கறாரே மெக்கானிக்?

நேராகும், ஆனால் டிஸ்க் கெட்டுவிடும். இந்த இரும்பு சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் ஏற்றியது, டார்ச் வைத்த இடத்தில் மட்டும் பதம் மாறும், அந்த இடம் மென்மையாகித் தனியாகத் தேயவோ கடினமாகி விரிசல் விடவோ செய்யும். விரிசலை வெல்டு வைத்து அடைப்பதும் அதே காரணத்தால் கூடாது.

டிஸ்க்ல கோடு கோடா பள்ளம் விழுந்திருக்கு. மாத்தணுமா?

விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கவலை வேண்டாம், அழகு குறைந்தது, அவ்வளவுதான். நகம் ஒவ்வொரு கோட்டிலும் மாட்டிக்கொண்டு நின்றால் பேடைக் கழற்றிப் பார்க்க வேண்டும், பேட் தேய்ந்து பின்தகடு உரசிக்கொண்டிருக்கலாம். ஏற்காட்டுச் செம்மண் பாக்சைட் கலந்தது, மழையில் அது குழைந்து பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் போய்விட்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் மழைக்காலத்தில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே காலிப்பருக்குள் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். காய்ந்தால் கல்லாகிவிடும்.

மாற்ற வேண்டுமா என்பதைக் கனம்தான் சொல்லும். டிஸ்க்கின் மேலேயே மினிமம் திக்னஸ் என்று ஆங்கிலத்தில் ஒரு எண் பொறித்திருப்பார்கள். வெர்னியரை (கனம் அளக்கும் கருவி) நேராக மாட்டினால் தேயாத ஓர விளிம்பு மாட்டிக்கொண்டு பொய் அளவு காட்டும். அதனால் இரண்டு சின்ன வாஷர்களை இரண்டு பக்கமும் தேய்ந்த பாதையில் வைத்து, சேர்த்து அளந்து, வாஷர் கனத்தைக் கழியுங்கள். ஐந்தாறு இடத்தில் அளக்க வேண்டும், மிகக் குறைவான இடம்தான் கணக்கு.

ஓட்டைக்குப் பக்கத்துல மயிரிழை மாதிரி கீறல் தெரியுது.

அது ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கோ, ஓரத்துக்கோ ஓடியிருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். நேராக்குவது, தேய்ப்பது எதற்கும் அது ஆகாது.

டிஸ்க் நீல கலர் ஆயிருச்சு. தூக்கிப் போடணுமா?

நிறம் மட்டும் மாறியிருந்தால் வேண்டாம். சுமார் 300 டிகிரி சூட்டைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். ஏன் அவ்வளவு சூடானது என்று தேடுங்கள்: பின் பெடலில் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம், இறுகிப்போன காலிப்பர் பின், பிஸ்டன் திரும்பாமல் நிற்பது. ஓட்டிவிட்டு வந்ததும் வீலைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், ஒரு சுற்றுகூடப் போகாமல் நின்றால் காலிப்பரில் கோளாறு. நீலத் திட்டு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் கோணலும் இருக்கலாம், அளந்துவிடுங்கள்.

ராத்திரி தண்ணி பட்டா காலைல துரு புடிச்சிருக்கு. ஸ்டெயின்லெஸ்னு சொன்னாங்களே, டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் என்று இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. எல்லா ஸ்டெயின்லெஸ்ஸும் ஒரே மாதிரி இருக்காது. வீட்டில் இருக்கும் நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் காந்தம் ஒட்டாது, அதில் குரோமியமும் நிக்கலும் நிறைய. டிஸ்க்கில் காந்தம் பச்சென்று ஒட்டும், அது பதம் ஏற்றக்கூடிய வேறு வகை, குரோமியம் குறைவு, அதனால் ஈரத்தில் லேசாகப் பழுப்பேறும். முதல் இரண்டு மூன்று பிரேக்கில் அது போய்விடும். சேலம் இரும்பாலை இருக்கும் ஊரில் இந்த வித்தியாசம் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

வாட்டர் சர்வீஸ் விட்டதுக்கு அப்புறம் பிரேக் கத்துது, புடிக்கவும் இல்ல.

கடைசியில் பளபளப்புக்கு டீசல் அடித்திருப்பார்கள். செயின் ஸ்ப்ரே பின் டிஸ்க்கில் பட்டாலும் இதே கதை. டிஸ்க்கை ஆல்கஹாலில் துடைத்தால் சரியாகும். எண்ணெய் குடித்த பேட் மட்டும் சரியாகாது, மாற்றிவிடுங்கள்.

டிஸ்க் போல்ட்டு கழட்டவே வரல, எல் கீ ரவுண்டாயிருச்சு.

கம்பெனியிலேயே பசை போட்டு இறுக்கி அனுப்புகிறார்கள், அதனால் பலத்தால் எடுக்கப் பார்த்தால் போல்ட் தலைதான் போகும். பள்ளத்தில் இருக்கும் சேற்றை ஊசியால் குத்திச் சுத்தமாக எடுங்கள், எல் கீ அடிவரை இறங்க வேண்டும். ஹாட் ஏர் கன்னால் போல்ட் தலையைச் சூடாக்கினால் பசை இளகும், டிஸ்க்கை எப்படியும் மாற்றப் போகிறோம் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். பிறகு எல் கீ தலையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். புதுப் போல்ட், நீல லாக்டைட் (போல்ட் பசை), எதிரெதிர் வரிசையில் இறுக்கல், டார்க் ரெஞ்ச்சில் (இறுக்கும் பலத்தை அளக்கும் ஸ்பேனர்) மேனுவல் அளவு.

புது டிஸ்க் போட்டும் ஆடுதுங்க. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

அவசரப்படாதீர்கள். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் பழைய பசையோ, துருவோ, ஒரு மணல் துகளோ இருந்தால் போதும், அங்கே 0.1 இருந்தால் டிஸ்க் ஓரத்தில் அது பெருகித் தெரியும். கழற்றி, ஹப் முகத்தைத் துடைத்து, டிஸ்க்கைத் திருப்பி வேறு போல்ட் ஓட்டையில் பொருத்திப் பாருங்கள். கோணல் டிஸ்க்கோடு சேர்ந்து நகர்ந்தால் டிஸ்க்கில் கோளாறு, அதே இடத்தில் நின்றால் ஹப்பில் கோளாறு. ஒரே தகடாக இருக்கும் டிஸ்க் என்றால் வாங்கும்போதே கடையின் கண்ணாடி மேசையில் படுக்க வைத்து, ஓரத்தில் தாள் நுழைகிறதா என்று சுற்றிப் பார்த்துவிடலாம். அம்புக்குறி இருந்தால் வீல் சுற்றும் திசைக்கு மாட்டுங்கள்.

புது டிஸ்க்குக்குப் பழைய பேடே போட்டுக்கலாமா?

பழைய டிஸ்க்கின் பள்ளங்களுக்கு ஏற்ப அது தேய்ந்திருக்கும், புது டிஸ்க்கில் முழுசாகப் படாது. புதிதே போடுங்கள். டிஸ்க்கின் மேல் இருக்கும் துருத் தடுப்பு எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஆளில்லாத ரோட்டில் 50 கிமீ வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, இப்படி இருபது முப்பது தடவை செய்யுங்கள். நடுநடுவே ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது பிரேக்கைப் பிடித்தபடி நிற்கக் கூடாது, காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது. சேற்றில் நிறைய ஓட்டுகிறவர்களுக்கு சின்டர்டு பேட் (உலோகத்தூளை இறுக்கிச் செய்தது) நீடித்து உழைக்கும், டிஸ்க்கைக் கொஞ்சம் சீக்கிரம் தின்னும். தார் ரோடே அதிகம் என்றால் கம்பெனி பேட் போதும்.

டிஸ்க் மாத்துனதுல இருந்து ஏபிஎஸ் லைட் எரியுதே?

டிஸ்க்குக்குப் பக்கத்தில் பல் பல்லாக ஒரு வளையம் சுற்றுகிறது இல்லையா, சென்சார் படிப்பது அதைத்தான். மாற்றும்போது அது கோணியிருக்கலாம், சென்சார் முனையில் இரும்புத்தூள் சேறோடு ஒட்டியிருக்கலாம், சென்சார் வயர் நசுங்கியிருக்கலாம். துடைத்து, வளையத்தை முதல் பதிலில் சொன்ன மாதிரியே சுற்றிப் பாருங்கள். கல் அடித்த வண்டியில் டிஸ்க் நேராக இருந்து இந்த வளையம் மட்டும் மடங்கியிருப்பதும் உண்டு. லைட் எரிந்துகொண்டிருந்தால் பிரேக் சாதாரணமாகப் பிடிக்கும், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) மட்டும் வேலை செய்யாது, மழையில் அதை நினைவில் வைத்து ஓட்டுங்கள்.

டிஸ்க் கார்டு போட்டா இதெல்லாம் வராதா?

பின் டிஸ்க்குக்குக் கீழே சுறாத் துடுப்பு மாதிரி வரும் அலுமினியத் தகடு உண்மையிலேயே உதவும், ஏனென்றால் பாறை மேல் ஏறி இறங்கும்போது முதலில் இடிபடுவது அந்த இடம். கனமான தகடாக, ஸ்விங் ஆர்மில் உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும், மெல்லியது என்றால் அதுவே மடங்கி டிஸ்க்கில் உரசும். முழுசாக மூடும் பிளாஸ்டிக் கார்டு வேண்டாம், சேறு உள்ளே தங்கும், காற்று போகாது.

ஆனால் டிஸ்க் கோணுவது காட்டில் மட்டும் நடப்பதில்லை. பஞ்சர் கடையைக் கவனியுங்கள். வீலைக் கழற்றி, டிஸ்க் தரையில் படும்படி படுக்கப்போட்டு, மேலே ஏறி நின்று டயரை மிதிப்பார்கள், மொத்த எடையும் அந்த மெல்லிய தகட்டின் மேல். "அண்ணே, டிஸ்க் மேல் பக்கம் இருக்கட்டும், அடியில ஒரு பழைய டயர் போட்டுக்கங்க" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். டயரைக் கழற்ற லிவர் போடும்போதும் டிஸ்க்கை முட்டுக் கொடுத்து நெம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட்ல ஒரு எக்ஸ்பல்ஸ் பாத்திருக்கேன். டிஸ்க்ல என்ன பாக்கணும்?

முதலில் கேபிள் டை, பிறகு நகம், பிறகு வாஷர் வைத்துக் கனம், எல்லாம் மேலே இருக்கிறது. அதோடு டிஸ்க் போல்ட் தலைகளைப் பாருங்கள். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தாலோ, தலை சிதைந்திருந்தாலோ யாரோ கழற்றியிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். முன் டிஸ்க் புதிதாக இருந்தால் சந்தோஷப்படும் முன் ஃபோர்க்கையும் ரிம்மையும் பாருங்கள், டிஸ்க் மடங்கும் அளவுக்கு விழுந்த வண்டியில் அது மட்டும் மடங்கியிருக்காது. கோரிமேட்டிலிருந்து அடிவாரம் வரை ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தால் ஓட்டுங்கள். ஒரே சீரான வேகத்தில் போய் இரண்டு விரலால் முன் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வாருங்கள், துடிப்பு இருந்தால் அந்த லேசான பிடியில்தான் நன்றாகத் தெரியும்.